உடலும் ஆவியும்



உடல் அழியும், ஆன்மாவைப் பேணுங்கள் என்னும் போதனையை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். விண்ணுலகில் சமத்துவம் உண்டு என்ற ஆறுதலை அது நமக்கு அளித்தது. கூடவே, மண்ணுலகில் தனி இருக்கையையும் தனிக் கல்லறையையும் பொறுத்துக்கொள்ளப் பழக்கிற்று. இதுதானா கிறிஸ்தவ விசுவாசம்?

கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி உயிர்மூச்சை ஊதினார் என்கிறது ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம். உடலை ஆன்மாவின் சிறையாகக் கருதுவது பிளேட்டோ போன்ற கிரேக்க மெய்யியலாரின் மரபு. கிறிஸ்து மெய்யான உடலோடு வரவில்லை, தோற்றமாகவே வந்தார் என்று தொடக்ககாலத்தில் சிலர் போதித்தபோது திருச்சபை அதனை மறுத்தது. கி.பி. 451இல் கூடிய கல்சதோன் சங்கம், அவர் முழுமையான கடவுள், முழுமையான மனிதர் என்று அறிக்கையிட்டது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவதும் சரீரத்தின் உயிர்த்தெழுதலையே.

பவுல் மாம்சத்தைக் கண்டித்தாரே என்று கேட்கலாம். கிரேக்கத்தில் அவர் இரு சொற்களை ஆள்கிறார். 'சார்க்ஸ்' என்பது மாம்சம். கடவுளை எதிர்த்துத் தன்னலத்தில் நடக்கும் வாழ்வையே அச்சொல்லால் அவர் பல இடங்களில் குறிக்கிறார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், மாம்சத்தின் செயல்களுள் பகையையும் பொறாமையையும் பிரிவினையையும் சேர்க்கிறார். 'சோமா' என்பது உடல். அதனைப் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறார். அவ்வாறாயின் சாதியே மாம்சத்தின் செயல். வெயிலில் உழைத்துக் கறுத்த நம் உடலோ ஆலயம்!

கொரிந்துத் திருச்சபையில் வசதியுள்ளோர் முந்தி உண்டனர், இல்லாதோர் பசித்திருந்தனர். அது கர்த்தருடைய பந்தியே அன்று என்று பவுல் கடிந்தார். நம் நாட்டிலும் நடந்ததென்ன? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில் வேளாளரும் நாடாரும் கலவாதபடி நடுவே சுவர் நின்றது. பீடம் ஒன்று, உடல்களுக்கோ இரண்டு பகுதிகள்! 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. ஆயினும் இறந்த உடலைக்கூடப் பிரித்துப் புதைக்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. உயிர்த்தெழும் என்று நாம் நம்பும் உடலுக்கு இழைக்கும் அவமதிப்பு, விசுவாசத்தையே மறுப்பதாகும்.

பிறரை மட்டும் குறை கூறி அமைவோமா? நம் வீடுகளில் பெண்கள் கடைசியாக, எஞ்சியதை உண்பதும், நாள் முழுதும் பாடுபட்ட கூலி மதுவில் கரைவதும் அதே ஆலயத்துக்கு இழுக்கன்றோ? ஆடையின்றி, உணவின்றி நிற்கும் சகோதரனை வெறும் வாழ்த்துரையோடு அனுப்பும் விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எச்சரித்தார். பிள்ளையின் பசியைக் கேளாமல் பாடத்தை மட்டும் கேட்கும் கல்வியும் அத்தகையதே.

இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் ஏற்றிய விளக்கு இனி உங்கள் கைகளில். நிமிர்ந்து நில்லுங்கள். எவர் உடலும் தீட்டன்று என்று சொல்லுங்கள். சொன்னதை முதலில் நம் இல்லத்தின் பந்தியிலே காட்டுவோம்.