கொள்ளளவா, வேகமா?

இரணைமடுக் குளத்தின் பயன் கொள்ளளவில் மட்டும் இல்லை. வாய்க்காலின் அகலத்திலும் இருக்கிறது. கணினியின் வரைகலை அட்டைக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதன் நினைவகமே குளம். தரவு செல்லும் பாதையே வாய்க்கால்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும், வேளாண்மைக் குடும்பத்து மாணவன் ஒருவனுக்கு இவ்வட்டை சிறு செலவன்று. தவறிய தேர்வைத் திருத்த இன்னொரு போகம் விளைய வேண்டும்.

என்விடியா நிறுவனத்தின் இரு அட்டைகளை நோக்குக. 2021இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060க்கு நினைவகம் 12 கிகாபைட். பாதை 192 பிட். 2023இல் வந்த 4060க்கோ 8 கிகாபைட், 128 பிட். ஆயினும் விளையாட்டுகளில் பின்னதே பெரும்பாலும் விரைவுடையது. அதன் கடிகார வேகம் மிகுதி. வயலருகே கேணி தோண்டியதுபோல், சில்லினுள்ளேயே இடைநினைவகமும் பெருக்கப்பட்டுள்ளது.

மின்சாரத்திலும் வேறுபாடுண்டு. முன்னதன் அளவு 170 வாட். பின்னதன் அளவு 115 வாட். நாள்தோறும் 8 மணி நேரம் முழுவேலை செய்யின், மாதம் ஏறத்தாழ 13 அலகு மிச்சம். வன்னி வெயிலில் சூடு குறைவதும் நன்மையே.

எனினும், நெற்பயிரின் நோயைப் படங்கொண்டு அறியக் கணினியைப் பயிற்றுவோனுக்கு நினைவகமே முதன்மையாகலாம். பணி 8 கிகாபைட்டில் அடங்காவிடின், வேகத்தாற் பயனில்லை. 3060 என்ற பெயரிலேயே 8 கிகாபைட் வகையும் விற்கப்பட்டதால், பெட்டியை வாசித்தே வாங்குதல் வேண்டும்.

விளையாட்டுக்கு வேகம், ஆய்வுக்குக் கொள்ளளவு. பணியை அறிந்தபின் பணத்தை எடுப்பதே அறிவுடைமை.