எட்டுப் போட்ட பின்பும் கற்க வேண்டியது
(நண்பர்கள் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போதகர் ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச எழுந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எலும்பு முறிவு வார்டில் கட்டிலுக்குக் கட்டில் போய் வருகிற எனக்கு இதைப் பேசாமல் இருக்க முடியவில்லை.

சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு வாலிபத் தம்பி காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தார். அவர் குடிக்கவில்லை, அதிக வேகமாகவும் போகவில்லை. சந்திலிருந்து ஓர் ஆட்டோ குறுக்கே வந்துவிட்டது. "பிரேக்கை முழுசா மிதிச்சேன் ஐயா. வண்டி நிக்காம வழுக்கிட்டே போச்சு" என்றார். தலைமாட்டில் நின்ற தாயார், "பத்து வருஷமா ஓட்டுறான் ஐயா, நல்லாத்தான் ஓட்டுவான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"மிதிச்சேன்" என்ற அந்தச் சொல் என்னைக் குத்தியது. நானும் முப்பது ஆண்டுகளாக மிதித்தே வண்டியை நிறுத்தி வந்தவன். மிதிப்பது பின் பிரேக். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்று எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் சொன்னதை வேதவாக்காக வைத்திருந்தேன். நம்மில் பலருக்கும் பயிற்சி அவ்வளவுதான். அண்ணனோ மாமாவோ சொல்லித் தருவார், எட்டுப் போட்டுக் காட்டுவோம், லைசென்ஸ் வந்துவிடும். மெதுவாகப் போகையில் வண்டியைச் சாயாமல் திருப்பத் தெரியும் என்பதைத்தான் எட்டு காட்டுகிறது. ஆட்டோ குறுக்கே வந்தால் என்ன செய்வது என்பது அதில் இல்லை.

அமெரிக்காவில் பேராசிரியர் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தார்கள். விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ நண்பரிடமோ கற்றவர்கள். ஆபத்தைக் கண்டபின் அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. தூர தேசத்து அறிக்கைதான். ஆனால் என் வார்டுத் தம்பியின் கதையும் அதுவே.

ஆகவே அறுபதைக் கடந்த வயதில் மேற்பயிற்சி ஒன்றில் பெயர் கொடுத்தேன். மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் நிறுத்தச் சொன்னார்கள். வழக்கம்போல் மிதித்தேன். பின் சக்கரம் சுழலாமல் நின்று, வண்டி வாலை ஆட்டிக்கொண்டு வெகுதூரம் போனது. இளைஞர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிப் பிடிமானம் இழக்கிறது. முன் சக்கரமோ தரையில் நன்றாக அழுந்துகிறது. நிறுத்தும் பலத்தின் பெரும்பகுதி அங்கேதான். ஆனால் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்த வேண்டும். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும். மணலிலும் ஈரத்திலும் இன்னும் மென்மை வேண்டும். மாலைக்குள் நான் நிற்கும் தூரம் பாதிக்கு அருகில் குறைந்தது.

கண்களுக்கும் பயிற்சி உண்டு. பள்ளத்தையே பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். பஸ்ஸின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆகவே முன்னே போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு வினாடி இடைவெளியாவது தேவை.

ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்றேன் என்று வேகத்தைக் கூட்டுகிறவனுக்கு அந்தப் பயிற்சியே கண்ணியாகிவிடும். ஆபத்தை முன்னரே கண்டு வேகத்தைக் குறைப்பதே இதன் முதற்பாடம். பிரேக் அதற்குப் பிற்பாடுதான். ஹெல்மெட்டுக்கும் இது மாற்று அல்ல.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். பழுது எல்லாம் ஓட்டியவர்மேல் என்று நான் சொல்லவில்லை. அன்று குறுக்கே வந்தது ஆட்டோதான். ஆனால் ஆட்டோக்காரரைத் திருத்துவது அந்தத் தம்பியின் கையில் இல்லை. பிரேக் அவர் கையில் இருந்தது.

பெற்றோரே, மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும்போது பயிற்சிக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். வருடக்கணக்காய் ஓட்டுகிற பெரியவர்களே, நீங்களும் போங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நான் கற்றதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். படுத்தபடியே கட்டில் கம்பியை நான்கு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா ஐயா? இதை யாரும் எனக்குச் சொல்லலையே" என்றார். அவருக்குச் சொல்லத் தாமதித்துவிட்டோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லுங்கள்.