ரொட்டி, தண்ணீர், அரசியல்: ஃபிராங்க் ட்ரென்ட்மனின் நுகர்வு வரலாறு

ஃபிராங்க் ட்ரென்ட்மன் நுகர்வின் வரலாற்றை எழுதிவருபவர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிறந்து, அங்கும் லண்டனிலும் பயின்று, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். பிரின்ஸ்டனில் கற்பித்த பின் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் பேராசிரியரானார். நுகர்வு என்றதும் கடைவீதியும் விளம்பரமுமே பலருக்கு நினைவில் எழும். இவரது ஆய்வோ ரொட்டி தேர்தல் மேடை ஏறிய கதையிலிருந்து வளர்ந்தது.

2008இல் வந்த ‘ஃப்ரீ டிரேட் நேஷன்’ நூல் அந்தக் கதையைச் சொல்கிறது. பிரிட்டனில் தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டன. 1903இல் அரசியல்வாதி ஜோசப் சேம்பர்லின் மீண்டும் இறக்குமதி வரி கோரியதும் நாடே இரண்டுபட்டது. தடையற்ற வணிகத்தில் கிடைக்கும் பெரிய ரொட்டியும், வரி வந்தால் மிஞ்சும் சின்ன ரொட்டியும் சுவரொட்டிகளில் அருகருகே நின்றன. 1840களில் பட்டினி கிடந்த முதியவர்களின் நினைவுகள் திரட்டப்பட்டு 1904இல் நூலாயின. 1906 தேர்தலில் தடையற்ற வணிகத்தை ஆதரித்த லிபரல் கட்சி பெருவெற்றி பெற்றது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லாத பெண்களும், வீட்டுச் செலவைக் கவனிப்பவர்கள் என்ற முறையில் இந்த வாதத்தில் பங்கேற்றார்கள். அரசியல் வரலாறு பொதுவாக எட்டிப்பார்க்காத இடம் இது.

முதல் உலகப் போர் நிலைமையை மாற்றியது. சர்க்கரையும் பாலும் தட்டுப்பாடானபோது, விலை மலிவு மட்டும் போதாது, சுத்தமான பால் நிச்சயமாகக் கிடைக்க வேண்டும், அதற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். தடையற்ற வணிகம் சாதாரண மக்களிடையே செல்வாக்கிழந்ததை ட்ரென்ட்மன் இங்கிருந்தே விளக்குகிறார். 1932இல் பொது இறக்குமதி வரி வந்தது. அதற்குப் பொருளாதார மந்தத்தை மட்டும் காரணம் காட்டும் வழக்கமான விளக்கத்தைவிட அவரது விளக்கம் ஆழமானது.

லண்டன் தண்ணீர் பற்றிய அவரது ஆய்வும் இதே தடத்தில் செல்கிறது. அங்கே தனியார் நிறுவனங்கள் வீட்டின் மதிப்பை வைத்துக் கட்டணம் வசூலித்தன. குளியல் தொட்டிக்குத் தனிக் கட்டணம். 1890களின் வறட்சியில் கிழக்கு லண்டன் குழாய்கள் வறண்டபோது, குடியிருப்போர் நுகர்வோராகச் சங்கம் கட்டிப் போராடினார்கள். 1902 சட்டத்தின் வழியே தண்ணீர் வழங்கல் பொது வாரியத்துக்குப் போனது.

2002 முதல் 2007 வரை ட்ரென்ட்மன் நுகர்வுப் பண்பாடுகள் பற்றிய பெரிய ஆய்வுத் திட்டத்தை இயக்கினார். 2016இல் ‘எம்பயர் ஆஃப் திங்ஸ்’ வந்தது. நுகர்வுச் சமூகம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் படைப்பு என்ற கருத்தை அது மறுத்து, பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியிலும் மிங் காலச் சீனத்திலும் அதன் வேர்களைத் தேடுகிறது. நிறுவன உணவகங்களையும் அரசின் சமூகநலச் செலவையும் நுகர்வின் கணக்கில் சேர்த்தது அந்நூலின் பெரும் பலம். எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் அகலத்தில் சில ஊர்கள் வந்த வேகத்தில் மறைந்துவிடுவது குறைதான்.

இவரைப் புதிதாகப் படிக்க வருவோர் 2008ஆம் ஆண்டு நூலிலிருந்தே தொடங்குவது நல்லது.