பறவைகள் காணும் ஒளி
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கண்ணுக்குத் தென்படுவது மட்டுமே உலகம் என்று எண்ணிவிடுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைக் குறுகியது என்பதைப் பறவைகளின் பார்வை உணர்த்துகின்றது.

மனிதனின் விழித்திரையில் நிறங்களை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகைப்படும். ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியையே நாம் காண்கின்றோம். அதனினும் குறுகிய புற ஊதாக் கதிர்களை நமது விழிவில்லை பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது. பகலில் நடமாடும் பறவைகள் பெரும்பாலானவற்றுக்கோ கூம்பு செல்கள் நான்கு வகை. நான்காவது வகை, ஊதா ஒளியையோ புற ஊதா ஒளியையோ உணர வல்லது.

இதனால் அவற்றுக்கு விளையும் பயன் யாது? ஐரோப்பாவில் வாழும் 'புளூ டிட்' என்னும் சிறு குருவியில் ஆணும் பெண்ணும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், ஆணின் நீல உச்சிச் சிறகுகள் புற ஊதா ஒளியை மிகுதியாகப் பிரதிபலிப்பதை 1998-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நமக்கு மறைந்த வேறுபாடு அக்குருவிகளுக்கு வெளிப்படை! சில கனிகளின் மேற்படிந்த மெழுகுப் படலமும் இவ்வொளியைப் பிரதிபலித்துப் பறவைகளின் கண்ணை ஈர்க்கின்றது.

இத்துணைக் கூரிய கண்ணும் கண்ணாடியின் முன் ஏமாந்துபோகின்றது. அதில் தெரியும் வானத்தையும் மரத்தையும் உண்மையென நம்பிப் பறவை மோதி மடிகின்றது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரையிலான பறவைகள் இவ்வாறு மடிவதாக 2014-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. புற ஊதாக் கோலங்கள் பொறித்த கண்ணாடிகள் இதற்கெனவே உருவாக்கப்பட்டுள்ளன. நமக்கு அவை தெளிந்த கண்ணாடி, பறவைக்கு எச்சரிக்கை. எனினும் காகம், புறா போன்றவை புற ஊதாவை அவ்வளவாக உணர்வதில்லை. ஆகவே அனைத்துப் பறவைகளையும் காப்பது, கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளே.

சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மண்டபத்தில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஏறத்தாழ 1000 பறவைகள் மோதி மடிந்தன. 2024-இல் அதன் கண்ணாடிகளில் சிறு புள்ளிகள் ஒட்டப்பட்டன. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இறப்பு 95 சதவீத அளவுக்குக் குறைந்தது.

பெருமக்களே! பெரிய கண்ணாடி பதித்துக் கட்டுவோர், அதன் வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் இடுங்கள். இரவில் வேண்டாத விளக்குகளை அணையுங்கள். செலவோ சிறிது, காக்கப்படுவது உயிர். நமக்குத் தெரியாததைக் காணும் பறவைக்கு, அதற்குத் தெரியாததை நாம் காட்டுவோமாக!