கூரையும் கூலியும்

(வள்ளூரில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீங்க. நான் கூரை பற்றிப் பேசப்போறேன். ரெண்டு மாசமா தலைக்குள்ள அதுதான் ஓடுது.

எங்க அம்மா இருக்கிறது இதே வள்ளூர் காலனியில் ஒரு தொகுப்பு வீடு. நான் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. போன வருஷம் மழை ஓய்ந்த பிறகு ஒரு ராத்திரி கூரையிலிருந்து முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. புழுக்கமா இருக்குன்னு அம்மா அன்னிக்குத் திண்ணையில படுத்திருந்தாங்க. அதனால் பிழைத்தார்கள்.

விழுந்த இடத்தில் பார்த்தால் கம்பி செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. துருப்பிடித்த கம்பி ஊதும். ஊதுகிற கம்பி தன்னை மூடியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். எங்கிருந்து வந்தது இந்தத் துரு? உப்புக்காற்று ஒரு காரணம். கூடவே இன்னொன்று இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரைச் சென்னை நகரத்துக்காகவும் இங்கிருக்கிற தொழிற்சாலைகளுக்காகவும் 1960களிலிருந்து உறிஞ்சினார்கள். நல்ல தண்ணி வற்றின இடத்துக்குக் கடல் தண்ணி ஏறி வந்தது. உப்புத் தண்ணியில் கலக்கிய கான்கிரீட் கம்பியைத் தின்னும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குகிற தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. காலனி வீட்டுக்குத் தண்ணியைச் சோதித்துவிட்டா கலக்கியிருப்பார்கள்?

2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகள், மொத்தமாகச் சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்னாடியே வெளியே வந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டி முப்பது வருஷம்கூட ஆகவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதுக் குடியிருப்பின் சுவரை விரலால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. இந்த இரண்டு இடத்திலும் குடியிருந்தவர்கள் யாரும் காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எஸ்டிமேட்டைப் பார்க்கவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 

சரி, நம்ம காசு, நம்ம காண்ட்ராக்டர் என்றால் நிலைமை மாறிடுமா? என் கதையைக் கேளுங்க.

முதலில் ஒரு மேஸ்திரிக்குப் போன் போட்டேன். ஊர்ப் பகுதிக்காரர். பேங்க் சார்னு மரியாதையாத்தான் பேசினார். வீடு எங்கேன்னு கேட்டார். காலனின்னு சொன்னதும் ஒரு சின்ன மௌனம். "அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க வரமாட்டாங்க சார்" என்றார். நம்ம ஆளுங்க வந்து அவர் பக்கத்து வீடுகளுக்கு மூன்று தலைமுறையாகச் செங்கல் சுமக்கலாம்; அதில் அவருக்குச் சங்கடம் இல்லை.

இரண்டாவது ஆள் வந்தார். மேலே பார்த்தார். "மெட்டீரியலோட ஒரு லட்சத்துப் பத்தாயிரம்" என்றார். 40,000 அட்வான்ஸ் கொடுத்தேன். துண்டுச்சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன்? வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் குமாஸ்தா. இன்ஜினியர் போய்ப் பார்த்து இத்தனை வேலை முடிஞ்சிருக்குன்னு கையெழுத்துப் போடாமல் அடுத்த தவணைக்கு வவுச்சர் எழுதமாட்டேன். ஊரான் வீட்டுக்கு அவ்வளவு கறார். அம்மா வீட்டுக்கு வாய்வார்த்தை. காலனிக்குள்ள ஒருத்தர் வேலைக்கு வந்ததே பெருசு என்கிற நினைப்பு எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆகணும்.

மூன்றே நாளில் கூரை வழவழவென்று ஆகிவிட்டது. மீதிப் பணத்தை எடுக்கக் கிளம்பினேன். எங்க பெரியம்மா வந்தார். முப்பது வருஷமாக சித்தாள். கரண்டிக் கட்டையால் கூரையைத் தட்டினார். டொப்பு டொப்புன்னு சத்தம். "இன்னாடா இது, துருவுக்கு மேலயே பூசி வச்சிகினு போயிருக்கான். அடுத்த மழைக்கு மறுபடியும் உன் அம்மா தலையிலதான் விழும்" என்றார். மேஸ்திரியிடம் கேட்டேன். "சித்தாளு பொம்பள பேச்சக் கேட்டு என்கிட்ட கணக்குக் கேக்கறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனவர்தான். அட்வான்ஸும் போனது.

பிறகு வேலையைப் பெரியம்மா எடுத்தார். எங்க தெருவிலேயே ரெண்டு கொத்தனார். அதில் ஒருத்தர் அவர் மகன். கூரை முழுக்கச் சுத்தியால் தட்டி, பொள்ளலாகச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கம்பி தெரிகிற வரைக்கும் கொத்தினார்கள். கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கொத்தினார்கள். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, துருத்தடுப்பு அடித்து, ரொம்ப இளைத்துப்போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டினார்கள். போர் தண்ணியைப் பெரியம்மா தொடவிடவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு லாரித் தண்ணி வாங்கச் சொன்னார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் நம்பர் வந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வாங்கிய சிமெண்டு சாம்பல் கலந்த பி.பி.சி. அனல்மின் நிலையச் சாம்பலைத்தான் அதில் கலக்கிறார்கள். அதற்குப் பத்து நாளாவது ஈரம் காயாமல் தண்ணி காட்டணும். கீழ்ப்பக்கத்தில் ஈரச்சாக்கைப் பலகை வைத்து முட்டுக் கொடுத்துக் கட்டியதைப் பார்த்திருக்கணும் நீங்க.

சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்தில்தான் உண்மையான சண்டை. கொத்தனார் கூலி 1,100. சித்தாள் கூலி 700. பெரியம்மாவுக்கு எவ்வளவு? நான் 1,100ஐ எண்ணி நீட்டினேன். கொத்தனார்கள் இரண்டு பேர் முகமும் மாறியது. "கரண்டி புடிக்கிறவனுக்கும் சட்டி தூக்கறவங்களுக்கும் ஒரே கூலியாண்ணே?" என்று கேட்டது யாரோ இல்லை, அவர் மகன். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை.

நமக்கு ஊர்க்காரன் மேஸ்திரியின் மௌனம் உடனே புரிந்துவிடுகிறது. இது புரிவதற்கு எனக்கு ஒரு ராத்திரி ஆனது. இந்தத் தொழிலில் ஒரு பையன் சித்தாளாக நுழைந்து மூன்று நாலு வருஷத்தில் கொத்தனார் ஆகிறான், அப்புறம் மேஸ்திரி ஆகிறான். பெண் சித்தாளாக நுழைந்து சித்தாளாகவே கிழவியாகிறாள். கரண்டியை அவள் கையில் யாரும் கொடுப்பதில்லை. பெரியம்மா கரண்டிக் கட்டையால் தட்டினாரே, அதுகூட மகனுடைய கரண்டிதான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் வந்தது. அதில் அவர் பதிவு செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன். "எந்த மேஸ்திரி எனக்குக் கையெழுத்துப் போட்டான்?" என்றார்.

2001க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் கிராமப்புற வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாய் என்று 2024இல் தமிழக அரசு அறிவித்தது. நம்ம தெருக்கள்தான் அதில் நிறைய. வேலைக்கு ஆள் வந்து நிற்கும்போது எஸ்டிமேட்டைக் கேளுங்க, படிக்கிற பிள்ளைங்க உரக்கப் படிச்சுக் காட்டுங்க. பூசுறதுக்கு முன்னாடி கம்பியைக் காட்டச் சொல்லுங்க. வேலை முடிய முடியப் பணம் கொடுங்க. தட்டிப் பார்க்கத் தெரிந்த பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்க.

மகன் மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பி வந்தான். அம்மாவிடம் பேசவில்லை, வேலையை மட்டும் முடித்தான். கூலி 1,100தான், அதை நான் மாற்றவில்லை. சமையல் கட்டுக் கூரை இன்னும் பாக்கி. மழைக்கு முன்னால் ஆரம்பிக்கணும் என்கிறார் பெரியம்மா. இந்த முறை எஸ்டிமேட்டை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியிருக்கிறேன். நாலு பக்கம். நகல் கொண்டுவந்திருக்கிறேன், வேணுங்கிறவங்க எடுத்துக்கோங்க.