எல்லா வண்டும் எதிரி அல்ல
(பண்ணை வானொலிப் பேச்சு)



செடியில் வண்டு தென்பட்டதும் மருந்து டப்பாவைத் தேடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். உலகத்தில் இதுவரை பெயர் வைத்துக் கணக்கெடுத்த வண்டினங்கள் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம். பிள்ளைகள் தீப்பெட்டியில் வளர்க்கிற பொன்வண்டு, ராத்திரியில் மினுக்குகிற மின்மினி, அரிசி மூட்டையில் ஊர்கிற கூன்வண்டு எல்லாம் ஒரே குலம். இவற்றில் நம் பயிரைக் கெடுப்பவை சிலவே.

தாம்பரத்தைச் சுற்றி முடிச்சூர், அகரம்தென், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. மிச்சமிருக்கிற தோட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடித்தால், நல்ல வண்டுகள் ஒதுங்க இடமேது? ஆகவே ஆளைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கத்தரிச் செடியைப் பாருங்கள். இலையைச் சுரண்டித் தின்று சல்லடையாக்குவது புள்ளி வண்டு. முதுகு மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். பெரும்பாலும் 28 புள்ளிகள். அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். இதைப் புழுவும் முட்டையுமாகப் பொறுக்கி அழியுங்கள். ஆனால் அதே ஜாதியில் பொறிவண்டு என்று ஒன்று உண்டு. முதுகு எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும். அதன் புழு குட்டி முதலை மாதிரி இருக்கும். இரண்டுமே அசுவினியைத் தின்னும். மருந்தடித்தால் பொறிவண்டு செத்துப்போகும். அசுவினியோ சீக்கிரமே மறுபடி பெருகிவிடும். அப்புறம் மருந்துச் செலவு யார் தலையில்? நம் தலையில்தான்.

அடுத்தது சாண வண்டு. சாணத்தை உருட்டி மண்ணுக்குள் புதைக்கிறது. மண்ணுக்கு எரு, காற்றுக்கு வழி, ஈக்குப் பட்டினி! இதன் அருமையை ஆஸ்திரேலியாக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கே உள்ளூர் வண்டுகளுக்கு மாட்டுச் சாணம் பழக்கமில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் சாணம் காய்ந்து கிடந்தது, ஈ பெருகியது. 1968 முதல் வெளிநாட்டுச் சாண வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நமக்கோ இது இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியச் செடியில், வெளிர் நிறத்தில் பழுப்புக் கோடு போட்ட வண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். 1983ல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து, 1984ல் வெளியே விட்ட வண்டு அது. மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையைத் தின்று மொட்டையாக்கும்.

அப்படியானால் எதை விடக்கூடாது? தென்னையின் காண்டாமிருக வண்டை. இது குருத்தைக் குடையும். மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டினாற்போல் தெரியும். அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டும் புகுந்தால் மரமே போய்விடும். இது பிறப்பது நம் வீட்டு எருக்குழியில்தான்! குழியைக் கிளறி, தடித்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குங்கள். பச்சைப் பூசணமான மெட்டாரைசியத்தைக் குழியில் கலக்கலாம். மணல் இரண்டு பங்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பானைகளில் தோப்பில் வைத்தால் வண்டு தானாக வந்து விழும்.

நாளைக் காலையில் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால், இலையைத் திருப்பி ஒரு தரம் பாருங்கள்.