அவையில் இடம் எங்கே?

(தாமலில் நடைபெற்ற கழகச் செயல்வீரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் என்றால் நமக்குக் கொள்ளை ஆசை. படிப்பகத் திண்ணையிலே பத்துப் பேர் கூடினாலும் அது நமக்கு மாநாடு. ஆகவே இன்று கூட்டத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். கூட்டத்திலே என்ன பேசுவது என்பதைப் பற்றி அல்ல — அதற்கு நம்மிடையே ஆளுக்குப் பஞ்சமில்லை! கூட்டத்திற்குள்ளே யாரால் வர முடிகிறது, வந்தவருக்கு என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்பதைப் பற்றி.

இந்தத் தாமலிலிருந்து காஞ்சி சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பினால் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு என்று பாடப்புத்தகத்திலே படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. மேடைதோறும் அதை எடுத்துக்காட்டுவோர் பலர்; சுவரருகே நின்று பார்த்தவர் சிலர். யார் உறுப்பினராகலாம் என்று அதிலே விதி இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையே இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். உழுதவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை, ஏரிக்கு மண் சுமந்தவனுக்கு இடமில்லை. இதுதான் மக்களாட்சியின் தொட்டில் என்று மார்தட்டுவோர் தட்டிக்கொள்ளட்டும். என் கை எழவில்லை.

ஆனால், அதே கல்வெட்டிலே இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைப் பானையிலே இட்டவுடன், அங்கே இருப்பவர்களுள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணும்படி அந்தப் பானையைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுக்க வேண்டும். ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலே அதை வாங்கி, நடுவர் உரக்க வாசிக்க வேண்டும். அவர் வாசித்த பிறகு, மண்டபத்திலே இருந்த நம்பிமார் அனைவரும் அதை மறுபடி வாசிக்க வேண்டும்.

எதற்காக இவ்வளவு? சூது நடக்கக் கூடாது என்பதற்காக, என்பார்கள் அறிஞர்கள். உண்மை. சூதில்லாமல் ஓர் அவை நடக்க வேண்டுமானால், நடப்பது எல்லாருடைய கண்ணுக்கும் தெரிய வேண்டும், எல்லாருடைய காதுக்கும் கேட்க வேண்டும் என்று கருதினார்கள். ஓலையைக் காண இயலாதவன் பெயரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு குரல் எட்டாவிட்டால் அடுத்த குரல் எட்டும். வாசல் குறுகலானது; ஆனால், உள்ளே அமர்ந்தவனுக்குக் கண்ணும் காதும் உண்டு என்ற நினைவு அந்த அவைக்கு இருந்தது. நாமோ 1952-ல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்களித்து வாசலை அகலத் திறந்துவிட்டோம். கண்ணையும் காதையும் காலையும் மறந்துவிட்டோம்.

மறந்தோம் என்பதற்குச் சான்று வேண்டுமா? தொலைவிலே தேட வேண்டாம். தலைவர் கலைஞர் ஒருவர் போதும். 13 முறை தேர்தலிலே நின்று, 13 முறையும் வென்றவர். ஐந்து முறை முதலமைச்சர். 2009-ல் முதுகுத்தண்டிலே அறுவை நடந்தது. அதன் பிறகு சக்கர நாற்காலியே அவருக்குக் கால். அந்த நாற்காலியிலே அமர்ந்துதான் நாட்டை ஆண்டார். ஓமந்தூரார் தோட்டத்திலே எழுந்த புதிய சட்டமன்றத்திலே 2010-ல் அடியெடுத்து வைத்தார். 2011-ல் ஆட்சி மாறிற்று. அவை மீண்டும் கோட்டைக்குள்ளிருக்கும் பழைய மண்டபத்துக்குத் திரும்பிற்று. திருவாரூர் மக்கள் 2011-ல் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-ல் 68,366 வாக்குகள் வேறுபாட்டிலே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். சக்கர நாற்காலி செல்லவும், அதிலே இருந்தபடியே பேசவும் ஏற்றதோர் இடம் ஒதுக்கித் தருக என்று கழகம் கேட்டது. மீண்டும் மீண்டும் கேட்டது. கிடைத்ததா? இல்லை! வருகைப் பதிவேட்டிலே கையெழுத்திட்டுத் திரும்பினார், வாழ்நாளெல்லாம் அவையிலே வழக்காடிய அந்த மனிதர்.

நாவுக்குக் குறையில்லை, நினைவுக்குக் குறையில்லை, மக்கள் தந்த உரிமைக்குக் குறையில்லை. குறை எங்கே இருந்தது? மண்டபத்திலே இருந்தது! 'ஊனம்' என்ற சொல்லை ஒதுக்கி, 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்தவரும், 2010-ல் அவர்களுக்கென்று தனித்துறை கண்டு அதைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டவரும் அவர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

அவருக்கே அந்த நிலை என்றால், ஊராட்சி அலுவலகத்துப் படிக்கட்டின் கீழே நிற்கும் நம் ஊர்த் தோழரின் நிலை என்ன?

2025 ஏப்ரலிலே, மு.க.ஸ்டாலின் அவர்கள் முதலமைச்சராக இருந்து, இரண்டு திருத்த முன்வடிவுகளைச் சட்டமன்றத்திலே கொண்டுவந்தார். 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும், 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் திருத்தப்பட்டன. உள்ளாட்சி மன்றங்களிலே மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி பிறந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள், 37 மாவட்ட ஊராட்சிகள் — எண்ணிப் பாருங்கள், எத்தனை நாற்காலிகள்! மகிழ்ந்தோம், இனிப்பு வழங்கினோம். சரி, நாற்காலி கிடைக்கிறது. நாற்காலி போட்டிருக்கும் அறைக்கு வழி கிடைக்கிறதா?

நாடகம் எழுதுகிறவன் நான். ஒரு காட்சி சொல்கிறேன். நியமன உறுப்பினர் வருகிறார், சக்கர நாற்காலியிலே. முன்னே நான்கு படிகள். அலுவலர் ஓடி வருகிறார். "நாலே நாலு படிதானே ஐயா! நாங்கள் தூக்கிவிடுகிறோம்" என்கிறார். நல்ல மனிதர்தாம், கெட்ட எண்ணம் துளியுமில்லை. இருவர் கையைப் பிடிக்க, இருவர் சக்கரத்தைப் பிடிக்க, வேட்டி விலக, செருப்பு நழுவ, ஊரே பார்த்து நிற்க, உறுப்பினர் உள்ளே கொண்டு செல்லப்படுகிறார் — மூட்டை கொண்டு செல்லப்படுவதுபோல! அதன் பிறகு அவர் வாய் திறந்து, "என் வார்டுக் குழாயிலே தண்ணீர் ஏன் வரவில்லை?" என்று தலைவரை எதிர்த்துக் கேட்பாரா? யார் தூக்கி வந்தார்களோ அவர்களிடமே எப்படிக் கேட்பார்? திரும்பிப் போகவும் அவர்கள்தாமே தூக்க வேண்டும்!

இங்கேதான் தோழர்களே, இது இரக்கத்தைப் பற்றிய பேச்சன்று என்பது விளங்குகிறது. 1925-ல், இதே காஞ்சிபுரத்திலே, காங்கிரசு மாநாட்டிலே, வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்தபோது பெரியார் வெளியேறினார். அவையிலே இடம் கேட்டார், பிச்சை கேட்கவில்லை. அவர் கண்ட இயக்கத்துக்கு என்ன பெயர்? சுயமரியாதை! தூக்கிவிடும் கைக்கு நன்றி சொல்லிக்கொண்டே ஒரு மனிதன் காலம் கழிக்க வேண்டியிருந்தால், அங்கே மரியாதை இருக்கலாம்; சுயமரியாதை ஏது?

சாய்தளம் போட்டுவிட்டோமே என்பார்கள். போட்டிருக்கிறார்கள், பல இடங்களிலே, பார்த்திருக்கிறேன். பூங்காவிலே பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதற்கு ஏற்ற செங்குத்து! ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும் என்பது கணக்கு. மூன்றடி உயரத் திண்ணைக்கு முப்பத்தாறு அடி, இடையே இளைப்பாறச் சமதளம், இருபுறமும் கைப்பிடி. இதைக் கொத்தனாரிடம் சொன்னால் அரைநாளிலே புரிந்துகொள்வார். புரிய மறுப்பது கோப்புதான்.

படி மட்டுமா தடை? பார்வையற்ற உறுப்பினர் அவையிலே இருக்கிறார். தலைவர், "பொருள் எண் மூன்று, உறுப்பினர்கள் கையிலுள்ள தாளைப் பார்த்துக்கொள்ளவும்" என்கிறார். தாள் வந்ததே கூட்டம் தொடங்கும்போது! இரண்டு நாள் முன்னதாக அதை எழுத்துக் கோப்பாக அவருடைய கைப்பேசிக்கு அனுப்பியிருந்தால், கைப்பேசியே அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கும். ஒரே நேரத்தில் நால்வர் பேசுகிறார்கள். பெயர் சொல்லிப் பேசினால் யார் பேசுவது என்று அவர் அறிவார். செவித்திறன் அற்றவருக்கோ, நான்கு வாய் அசைவது தெரிகிறது, செய்தி தெரியவில்லை. பாளையங்கோட்டையிலே பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் பள்ளிகள் தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே. நூறாண்டுக்கு மேலாகப் படித்து வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு சைகைமொழிபெயர்ப்பாளரை அமர்த்திய கிராம சபையை நான் இதுவரை கண்டதில்லை. தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலே சாய்தளம், சக்கர நாற்காலி, வாக்குப்பதிவுப் பொறியிலே பிரெய்லி எண்! 2024 நாடாளுமன்றத் தேர்தலிலே வீடு தேடி வந்தும் வாக்கு வாங்கினார்கள். வாக்கு வாங்க வழி தெரிகிறது. அந்த வாக்காளர் பேசுவதைக் கேட்கத்தான் வழி தெரியவில்லை!

இனி, கூட்டம் என்பது மண்டபத்திலே மட்டும் நடப்பதன்று. 2020-ல் கொரோனா வந்தது. அலுவலகமே கணினித் திரைக்குள் புகுந்தது. சான்றிதழா, உதவித்தொகையா, பட்டாவா — எல்லாவற்றுக்கும் இணையதளம். நல்லதுதான்; வரிசையிலே நிற்க வேண்டாம், படியேற வேண்டாம். ஆனால் அந்தத் தளத்துக்கும் படிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத படிகள்!

விளக்குகிறேன். பார்வையற்றவர்கள் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளால் கேட்கிறார்கள். திரையிலுள்ள எழுத்தை அது குரலாக்கும். என்விடிஏ என்று ஒன்று. ஆஸ்திரேலியாவிலே பார்வையற்ற இளைஞர்கள் இருவர் ஆக்கி, உலகுக்கு இலவசமாகவே தந்துவிட்டார்கள். தமிழையும் அது வாசிக்கும். ஆனால் எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும்! நம் அலுவலகங்களிலே என்ன செய்கிறார்கள்? கணினியிலே தட்டச்சு செய்கிறார்கள், தாளிலே அச்சிடுகிறார்கள், கையெழுத்தும் முத்திரையும் இட்டு, அந்தத் தாளைப் படம் பிடித்து, அந்தப் படத்தை இணையத்திலே ஏற்றுகிறார்கள். எழுத்தாக இருந்ததைப் பாடுபட்டுப் படமாக்கிய பெருமை! திரைவாசிப்பான் அதன் முன்னே ஊமையாகிறது. ஒருங்குறியே தமிழுக்குரிய குறியாக்கம் என்று 2010-லேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவிலே அறிக்கை அடிக்கும் அலுவலகம் உண்டு. அதை வாசிப்பானிடம் தந்தால், மந்திரவாதி உச்சரிப்பதுபோல் ஏதோ உளறும். போதாக்குறைக்கு, 'நீங்கள் மனிதர்தானா, படத்திலுள்ள கோணல் எழுத்தைப் படித்துக் காட்டுங்கள்' என்று ஒரு சோதனை வேறு! பார்வையற்றவரைப் பார்த்து மனிதர்தானா என்று கேட்கும் துணிவு பொறிக்கு எங்கிருந்து வந்தது? அதை அமைத்தவனிடமிருந்துதான்.

இதிலே கொடுமையின் உச்சம் ஒன்று உச்சநீதிமன்றத்துக்கே சென்றது. வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் அடையாளம் காட்ட, 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்கிறது திரை. அமிலத்தால் முகம் சிதைக்கப்பட்ட பெண் எப்படிச் சிமிட்டுவாள்? 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுதியவர், நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதியரசர் ஆர்.மகாதேவன். எண்ணிம வழியை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையிலே அடங்கும் என்றார். அதற்கு முந்திய 2024 நவம்பரிலே, பார்வை குன்றிய ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கிலே, அணுகல் விதிகளை 'வழிகாட்டுதல்' என்று வைத்திருந்தால் போதாது, கட்டாயமாக்குக என்று அதே நீதிமன்றம் சொல்லிற்று. 2016-ல் சட்டம் இயற்றிய நாடு இது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்றது, அரசுப் பணியிலே நூற்றுக்கு நான்கு இடம் தந்தது. இடம் தந்த பிறகு, மாடியிலே ஆய்வுக்கூட்டம் வைத்துவிட்டு, "அவர் வரவில்லையா? பரவாயில்லை, குறிப்பைப் பிறகு கொடுத்துவிடலாம்" என்பது அலுவலக வழக்கமானால், பதவி உயர்வுப் பட்டியலிலே அவர் பெயர் எப்படி வரும்? கூட்டத்திலே பேசியவன் பெயரைத்தானே மேலதிகாரி நினைவில் வைத்திருப்பார்!

எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டிலே 11 இலட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். முழங்கால் தேய்ந்த மூதாட்டியையும், தறியருகே அமர்ந்து காது மங்கிய நெசவாளியையும் அந்தக் கணக்கு எத்தனை தூரம் எண்ணிற்று என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நமக்கென்ன வேலை இதிலே, அவர்கள் சங்கம் வைத்துப் போராடட்டும் என்று எண்ணாதீர்கள். 1977 ஏப்ரல். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலே, ஏட்டளவிலே நின்ற சட்டப்பிரிவொன்றுக்கு விதி வகுத்துக் கையொப்பமிடுக என்று கோரி, மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகத்துக்குள்ளே புகுந்து அமர்ந்தார்கள். மூன்று கிழமைக்கு மேல் அசையவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு நாள்தோறும் சுடச்சுட உணவு கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? கருஞ்சிறுத்தைகள் — கறுப்பின மக்களின் உரிமைக்காக எழுந்த இயக்கத்தினர். தம் துயரமே மலைபோல் இருக்க, அடுத்தவன் அவமானத்தையும் தம் அவமானமாகக் கண்டார்கள். விதியிலே கையெழுத்து விழுந்தது.

ஆகவே, நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். கிளைக் கழகக் கூட்டம் மாடியிலே வேண்டாம். மேடைக்கு ஒருபுறம் படி இருந்தால் மறுபுறம் சரிவு இருக்கட்டும். பந்தல்காரர் பலகை தருவார், கேளுங்கள். ஒலிபெருக்கி இரைச்சலைக் குறையுங்கள். காது மங்கியவருக்கு வேண்டியது தெளிவு, அதிர்வு அன்று. நம் தலைமையின் அறிக்கைகளையும் படமாக அனுப்பாதீர்கள், எழுத்தாக அனுப்புங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரப்போகும் சபைக்கு ஒரு வாரம் முன்பே, ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளை நேரில் கண்டு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். நீங்களே ஊகித்துக்கொண்டு போகாதீர்கள். ஒருவருக்கு வேண்டியது மற்றவருக்கு வேண்டாததாக இருக்கும். கேட்டதை எழுதிச் சபையிலே தீர்மானமாக வையுங்கள்: கூட்டம் தரைத்தளத்திலே நடக்க வேண்டும், பொருள்நிரல் முன்கூட்டியே எழுத்தாக வர வேண்டும், தீர்மானங்களை உரக்க வாசிக்க வேண்டும், சைகைமொழி அறிந்தவரை மாவட்ட நிர்வாகம் அனுப்ப வேண்டும்.

ஊராட்சிச் செயலர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "இப்படியெல்லாம் வழக்கமில்லையே!" என்பார். சண்டையிடாதீர்கள். காஞ்சி சென்று உத்திரமேரூர்ப் பேருந்திலே அவரை ஏற்றி அழைத்துப் போங்கள். பானையைத் தூக்கிக் காட்டச் சொன்ன சுவர் அங்கேதான் இருக்கிறது.